ஒழுங்கு எங்கே தப்புகிறது என்று பாருங்கள்

கேள்வி இதுதான்: "இலை, மரப்பட்டை, மணல், நெசவு எல்லாவற்றிலும் அழகான பேட்டர்ன் இருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கு இலை இலையாகத்தான் தெரிகிறது. படம் எடுத்தாலும் சுவரில் ஒட்டும் காகிதம் மாதிரி சலிப்பாக வருகிறது. இதற்குப் பிறவியிலேயே ஒரு கண் வேண்டுமா, பழகினால் வருமா?"

பழகினால் வரும். உங்கள் இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பேட்டர்னை ஓர் அலங்காரமாகத் தேடுகிறீர்கள். அது ஏதோ ஒரு வேலை நடந்து முடிந்ததன் தடம். காய்ந்தது, வளர்ந்தது, வீசியது, பின்னியது என்று ஏதோ ஒன்று அங்கே திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அதனால் எதைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எது திரும்ப வருகிறது? ஏன் இந்த இடைவெளியில் வருகிறது? எங்கே தப்புகிறது? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும் திறந்துவிடும் சாவி.

வெடித்துக் கிடக்கும் களிமண்ணிலிருந்து தொடங்கலாம். ஈர மண் காயும்போது சுருங்கப் பார்க்கும். அடிமண் பிடித்துவைத்திருப்பதால் சுருங்க முடியாமல் எல்லாத் திசையிலும் இழுபடும். ஓரிடத்தில் பிளந்ததும், பிளவுக்குக் குறுக்கே இருந்த இழுவிசை அங்கே தளர்ந்துவிடும். பிளவின் நீளவாக்கில் இருக்கும் இழுவிசை மட்டும் மிஞ்சும். அதனால் அடுத்து வரும் பிளவு பழைய பிளவை நெருங்கும்போது மெல்லத் திரும்பி, செங்குத்தாகப் போய் முட்டி நிற்கும். சந்திப்பு ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருக்கும். இது தெரிந்த பிறகு மண்வெடிப்பு வெறும் கோடுகளாக இருக்காது. முட்டி நிற்பது இளையது, நீண்டு கடந்துபோவது மூத்தது. எந்தப் பிளவு முதலில் வந்தது, எது அதற்கடுத்து வந்தது என்று வரிசையாகவே சொல்லிவிடலாம்.

அதே மண் பலமுறை நனைந்து காய்ந்தால் இன்னொன்று நடக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய தடத்திலேயே பிளவுகள் திறக்கின்றன, ஆனால் எது முதலில் திறக்கிறது என்ற வரிசை மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் சந்திப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, மூன்று கைகளும் சுமார் 120 பாகையில் விரியும் 'ஒய்' வடிவத்துக்குப் போகின்றன. செங்கோணச் சந்திப்புகள் நிறைந்திருந்தால் ஒருமுறை காய்ந்த சேறு. அறுகோணம் போலத் தெரிந்தால் பலமுறை நனைந்து காய்ந்த நிலம். வடக்கு அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வேயில் சுமார் 40,000 பசால்ட் கல்தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. எரிமலைக் குழம்பு மேலிருந்து உள்நோக்கி ஆறிச் சுருங்கியபோது பிளவுகள் படிப்படியாகக் கீழே இறங்கின. ஒவ்வொரு படியிலும் சந்திப்புகள் கொஞ்சம் திருந்தி 120 பாகைக்கு வந்தன. அங்கேயும் எல்லாத் தூணும் அறுகோணம் இல்லை. ஐந்து பக்கம், ஏழு பக்கம் கொண்டவையும் தாராளமாக உண்டு.

இதே விஷயம் கைவினையிலும் வருகிறது. பீங்கான் பாத்திரத்தின் மேல் பளபளப்பில் மயிரிழை போல விரிசல்கள் ஓடும், பார்த்திருப்பீர்கள். சூளையிலிருந்து எடுத்து ஆறும்போது, உள்ளே இருக்கும் மண்ணைவிட மேல்பூச்சு அதிகமாகச் சுருங்கினால் இது வரும். பல இடங்களில் இது குறை. சீனாவின் சோங் காலத்துக் குயவர்கள் இதையே விரும்பி வரவழைத்தார்கள், விரிசலுக்குள் கருஞ்சாயம் ஏற்றிக் காட்டவும் செய்தார்கள். அந்த விரிசல்களின் சந்திப்பை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் செங்கோணம்தான். சேற்றுக்கும் பீங்கானுக்கும் ஒரே இயற்பியல்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். ஒரே மாதிரி தெரிந்தால் ஒரே காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தேனடையிலும் அறுகோணம், சோப்பு நுரையிலும் அறுகோணம், கல்தூணிலும் அறுகோணம். நுரையில் படலம் தன் பரப்பைக் குறைக்கப் பார்க்கிறது. மூன்று படலங்கள் 120 பாகையில்தான் சந்திக்கும் என்று பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசஃப் பிளாட்டோ 1873இல் எழுதினார். சமபரப்புள்ள அறைகளாக ஒரு தளத்தைப் பிரிக்க மிகக் குறைந்த சுவர் போதும் என்றால் அது அறுகோணத்தில்தான் என்பது பழங்காலத்திலேயே ஊகிக்கப்பட்டது. கணித நிறுவல் தாமஸ் ஹேல்ஸ் கையால் 1999இல்தான் வந்தது. தேனீக்கு அது மெழுகுச் சிக்கனம். கல்லில் சிக்கனமும் இல்லை, கட்டுபவரும் இல்லை. இறுக்கம் தளர்ந்த வழி அது, அவ்வளவுதான். "இயற்கைக்கு அறுகோணம் பிடிக்கும்" என்று சொல்லிக் கடந்துபோனால் இந்த மூன்று கதைகளும் தெரியாமலே போய்விடும்.

அடுத்து சுருள். இதைப் பற்றித்தான் சரியான தகவலும் தவறான தகவலும் அதிகமாகக் கலந்து கிடக்கின்றன. சரியானது இது: ஒரு பைன் கூம்பைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். செதில்கள் இரண்டு திசையிலும் சுருள்களாக ஓடும். ஒரு திசையில் 8, எதிர்த்திசையில் 13 என்று எண்ணிக்கை வரும். சிலவற்றில் 5, 8. சூரியகாந்தியின் நடுவட்டில் 34, 55 என்பது வழக்கமான சோடி. எல்லாம் ஃபிபனாச்சி எண்கள், அதாவது முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை. காரணம் மாயம் ஏதும் இல்லை. வளரும் நுனியில் புதிய மொட்டு, ஏற்கெனவே இருப்பவற்றால் நெருக்கப்படாத இடத்தில் முளைக்கிறது. அப்படி ஒவ்வொன்றாக முளைக்கும்போது அடுத்தடுத்த மொட்டுகளுக்கு இடையிலான கோணம் சுமார் 137.5 பாகையில் வந்து நிலைக்கிறது. 1992இல் துவாடி, கூடே என்ற இரண்டு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் செடியே இல்லாமல் இதைச் செய்துகாட்டினார்கள். காந்தத் திரவத் துளிகளை ஒரு தட்டின் நடுவில் ஒவ்வொன்றாக விட்டு, ஓரத்தை நோக்கி இழுபடும்படி அமைத்தார்கள். துளிகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளின. சூரியகாந்திச் சுருள் தானாக அமைந்தது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இது. ஒழுங்கைப் போட யாரும் தேவைப்படவில்லை; விலகிப் போகும் ஒரு சின்ன விதியே போதுமாக இருந்தது.

தவறானது: நாட்டிலஸ் என்ற கடலுயிரியின் சங்கு, பொன்விகிதத்தில் (சுமார் 1.618) விரியும் சுருள் என்பது. அது மடக்கைச் சுருள்தான், சந்தேகமில்லை. எவ்வளவு வளர்ந்தாலும் அதன் வடிவம் மாறாது. ஆனால் பொன்விகிதச் சுருள் ஒரு முழுச் சுற்றில் சுமார் 6.85 மடங்கு விரிய வேண்டும். நாட்டிலஸ் சுமார் 3 மடங்குதான் விரிகிறது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் பொருந்தவே பொருந்தாது. புகைப்படங்களின் மேல் பொன்சுருளை ஒட்டி "பாருங்கள், இதனால்தான் அழகு" என்று காட்டும் பழக்கத்தை நான் வெறுக்கிறேன். கண் பழகுவதற்குப் பதிலாக, முன்கூட்டியே வைத்திருக்கும் ஒன்றை எல்லாவற்றிலும் திணிக்கத்தான் அது கற்றுக்கொடுக்கிறது.

வரிகளுக்கு வருவோம். வரிக்குதிரை, காற்று போட்ட மணல் வரிகள், விரல்ரேகை. மூன்றிலும் ஓரிடத்தைத் தேடச் சொல்வேன்: ஒரு வரி இரண்டாகப் பிரியும் கவை. இணையான கோடுகள் ஒரு பரப்பை நிரப்பும்போது எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியைக் காப்பாற்ற முடியாது. பரப்பு அகலும் இடத்தில் புதிய வரி ஒன்று நுழைய வேண்டியிருக்கும். அந்த நுழைவுதான் கவை. வரிக்குதிரையின் தோளில், முன்னங்காலுக்கு மேலே பாருங்கள். உடலின் நெட்டுவரிகளும் காலின் கிடைவரிகளும் சந்திக்கும் அந்த இடத்தில் கவைகள் குவிந்திருக்கும். மணலில் காற்றின் திசை மாறும்போது கவைகள்தான் முதலில் நகரும். விரல்ரேகை நிபுணர்கள் ஒருவரை அடையாளம் காண்பதும் இப்படித்தான். சுழியா வளைவா என்பது ஆட்களைப் பெரும் பிரிவுகளாகப் பிரிக்க உதவும், அவ்வளவுதான். இன்னாருடைய விரல் என்று சொல்ல, ரேகை எங்கே முடிகிறது, எங்கே பிரிகிறது என்ற புள்ளிகளைத்தான் ஒப்பிடுகிறார்கள். ஒழுங்கு இன்ன வகை என்று சொல்கிறது, தப்பிய இடம் இன்ன ஆள் என்று சொல்கிறது.

இப்படிப்பட்ட புள்ளிகளும் வரிகளும் எப்படி வரக்கூடும் என்று 1952இல் ஆலன் டூரிங் ஒரு கட்டுரை எழுதினார். கணினியியலின் முன்னோடி என்று நாம் அறிந்த அதே டூரிங். இரண்டு வேதிப்பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் பரவி ஒன்றோடொன்று வினைபுரிந்தால், ஒரே சீராக இருக்கும் பரப்பில்கூடப் புள்ளியும் வரியும் தாமாக எழும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஏன் இந்த இடைவெளி என்ற இரண்டாவது கேள்விக்கு இது நல்ல பதில்: பரவும் வேகமும் வினையின் வேகமும் சேர்ந்து இடைவெளியைத் தீர்மானிக்கின்றன.

கைவினையில் அந்தக் கேள்விக்கு இன்னும் நேரான பதில் கிடைக்கும், ஏனென்றால் அங்கே விதியை ஒரு மனிதர் வைத்திருக்கிறார். சாய்வரி நெசவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் துணியின் உட்புறத்தில்கூடத் தெளிவாகத் தெரியும். குறுக்கே ஓடும் ஊடை நூல், நெடுக்கே ஓடும் சில பாவு நூல்களுக்கு மேலும் சிலவற்றுக்குக் கீழும் போகிறது. அடுத்த வரிசையில் அதே கணக்கு, ஆனால் ஒரு நூல் தள்ளி. இவ்வளவுதான் விதி. 'ஒரு நூல் தள்ளு' என்பதே குறுக்குச் சாய்வாகத் தெரிகிறது. சில வரிசைக்குப் பிறகு தள்ளும் திசையை மாற்றினால் அதே துணி மீன்முள் வடிவம் ஆகிவிடும். ஒரு துணியைக் கையில் எடுத்து, விதியை ஒரே வாக்கியத்தில் சொல்ல முயன்று பாருங்கள். சொல்ல முடிந்தால் பார்த்துவிட்டீர்கள் என்று பொருள். முடியாவிட்டால் பின்பக்கத்தைத் திருப்புங்கள், பாதி ரகசியம் அங்கே இருக்கும்.

நூல்களை முன்கூட்டியே கட்டிச் சாயமேற்றி அப்புறம் நெய்யும் இக்கத் துணியில் உருவங்களின் விளிம்பு இறகு மாதிரி சிதறியிருக்கும். சாயம் போட்ட நூல்கள் நெய்யும்போது மயிரிழை அளவு நகர்ந்துவிடுவதால் வருவது அது. அச்சிட்ட போலியில் விளிம்பு கூராக இருக்கும், இல்லையென்றால் அந்தச் சிதறலும் எல்லா உருவத்திலும் ஒரே மாதிரி திரும்ப வரும். மரக்கட்டை அச்சில் இன்னொரு வழி: ஒரு இதழின் நுனியில் சின்ன உடைசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எத்தனை விரற்கடைக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று பாருங்கள். அதுதான் கட்டையின் அளவு. அச்சிட்டவரின் கை எத்தனை முறை இறங்கியது என்று துணியிலேயே எண்ணிவிடலாம்.

தரையிலும் சுவரிலும் ஓடும் ஓட்டு வேலைப்பாடுகளுக்கு ஒரு வியப்பான எல்லை உண்டு. ஒரு தளத்தில் இரண்டு திசையிலும் முடிவில்லாமல் திரும்ப வரும் அலங்காரங்களை அவற்றின் சமச்சீரை வைத்து வகைப்படுத்தினால், 17 வகைகளுக்கு மேல் இருக்கவே முடியாது. ரஷ்யப் படிகவியலாளர் ஃபெடரோவ் இதை 1891இல் நிறுவினார். ஒரே திசையில் ஓடும் கரை வேலைப்பாடு என்றால் 7 வகைதான். வகைகளின் பெயரெல்லாம் தேவையில்லை. ஒரு மையத்தில் எத்தனை முறை சுழற்றினால் அதே படம் வருகிறது, கண்ணாடி வைத்தால் பொருந்தும் கோடு எங்கே, நகர்த்திக் கவிழ்த்தால் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். ஸ்பெயினின் கிரனாடாவில் உள்ள அல்ஹாம்ப்ரா அரண்மனைச் சுவர்களை ஓவியர் எஷர் 1922இலும் 1936இலும் போய்ப் பார்த்தார். இரண்டாவது முறை நாள்கணக்கில் உட்கார்ந்து நகல் எடுத்தார். அவர் பின்னாளில் வரைந்த ஒன்றோடொன்று கொக்கியிட்ட மீன்களும் பறவைகளும் அந்த உழைப்பிலிருந்து வளர்ந்தவை.

கூடை முடைவதில் எனக்குத் தீராத ஆசை. மூன்று திசைகளில் பட்டைகளை ஓட்டி, நடுவில் அறுகோணக் கண்கள் வரும்படி பின்னும் முறை பல நாடுகளில் இருக்கிறது. எல்லாக் கண்ணும் அறுகோணமாக இருந்தால் பின்னல் தட்டையாகவே கிடக்கும். கூடை வளைய வேண்டுமானால் ஒரு இடத்தில் ஐங்கோணக் கண் விட வேண்டும். அந்த இடத்தில் பின்னல் குவிந்து எழும். ஏழு பக்கக் கண் விட்டால் குதிரைச் சேணம் போல எதிர்ப்பக்கமாக வளையும். ஐங்கோணமும் அறுகோணமும் மட்டும் கொண்டு, ஒரு கண்ணின் மூலையில் மூன்று கண்கள் கூடும்படி முழு உருண்டையாக மூட வேண்டுமென்றால் ஐங்கோணங்கள் சரியாக 12 வேண்டும். அறுகோணங்கள் எத்தனை இருந்தாலும் இது மாறாது. கணிதர் ஆய்லரின் கணக்கு அப்படி. தென்கிழக்கு ஆசியாவின் செபாக் தக்ரா விளையாட்டின் பிரம்புப் பந்தில் 12 ஐங்கோணத் துளைகள். கருப்பு வெள்ளைக் கால்பந்தில் 12 கருப்பு ஐங்கோணங்கள். 1985இல் கண்டறியப்பட்ட, 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து மூலக்கூறிலும் அதே 12. பின்னுபவர் 'இங்கே ஒன்று குறை' என்று கையால் அறிந்திருந்தது எப்பேர்ப்பட்ட உண்மை! கூடைக்கு வடிவம் தருவதே ஒழுங்கு தப்பிய அந்தக் கண்கள்தான்.

இப்போது கேமரா. உங்கள் படங்கள் சலிப்பாக வருவதற்கு, ஒழுங்கை மட்டும் எடுத்துவிட்டு அது தப்பும் இடத்தை விட்டுவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே மாதிரி நூறு செதில்கள் சட்டத்தை நிரப்பினால் கண் ஒரு நொடியில் புரிந்துகொண்டு நகர்ந்துவிடும். ஒரு செதில் பெயர்ந்திருந்தால் கண் அங்கே போய் நிற்கும், அங்கிருந்து மற்றதையெல்லாம் திரும்பப் படிக்கும். அந்தத் தப்பு நடுவில் இருக்க வேண்டியதில்லை, பெரிதாக இருக்க வேண்டியதும் இல்லை. சட்டத்தின் விளிம்பையும் தெளிவாக முடிவுசெய்யுங்கள். நான்கு பக்கமும் பேட்டர்ன் வெட்டுப்பட்டால் அது வெளியே தொடர்கிறது என்று மனம் நம்பும். ஒரு பக்கம் அது முடியும் கரையைக் காட்டினால் கதை வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூலையில் கொஞ்சம் தரை தெரிவது மாதிரி எடுத்தால்தான் கெடும்.

வெளிச்சத்தை, பேட்டர்ன் எதனால் ஆனது என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். மணல் வரி, மரப்பட்டை, கூடை எல்லாம் மேடுபள்ளத்தால் ஆனவை. சூரியன் தாழ்வாக இருந்து பக்கவாட்டில் ஒளி உரசிப்போக வேண்டும். நிறத்தால் ஆனவற்றுக்கு, அதாவது துணி, சிறகு, பாறைப்பாசி போன்றவற்றுக்கு, மேகமூட்டமே நல்லது. இலை நரம்புக்குப் பின்னாலிருந்து வரும் ஒளி. (ஒளியில் தூக்கிப் பிடிக்கும்போது நரம்புகள் வலையாகச் சேர்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலான பூக்கும் செடிகளில் சேரும். ஒரு நரம்பு அறுந்தாலும் தண்ணீர் சுற்றி வந்துவிடும். கிங்கோ மரத்தின் இலையில் அவை இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகும்.) தட்டையான பரப்பு என்றால் கேமராவை அதற்கு இணையாகப் பிடியுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஓரம் மங்கும். லென்ஸின் துளை எஃப் 8, 11 அளவில் போதும். மிகவும் சுருக்கினால் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து படம் முழுவதுமே மெலிதாகக் குழையும். நெருக்கமான நெசவைப் படமெடுக்கும்போது இல்லாத வானவில் அலைகள் தெரிந்தால் பயப்படாதீர்கள். நூல்களின் கட்டமும் சென்சாரின் கட்டமும் மோதுவதால் வருவது. ஓரடி முன்னே பின்னே போனாலோ கேமராவைக் கொஞ்சம் சாய்த்தாலோ போய்விடும்.

படம் எடுப்பதற்கு முன்னால் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் எடுத்த செடிப் படங்களைத் தேடிப் பாருங்கள். அவர் பெர்லினில் கைவினைக் கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர். செடியின் முளை, மொட்டு, பற்றுக்கம்பி ஆகியவற்றைத் தானே செய்த கேமராக்களில் 30 மடங்கு வரை பெரிதாக்கி எடுத்தார். வெறுமையான பின்னணி, அடங்கிய வெளிச்சம், வேறெதுவும் இல்லை. கலைக்கண்காட்சிக்காக எடுத்தவை இல்லை அவை; இரும்பிலும் மரத்திலும் வேலை செய்யப்போகிறவர்கள் வடிவம் கற்கப் பயன்பட்ட பாடக்கருவிகள். 1928இல் புத்தகமாக வந்த பிறகுதான் உலகம் அவற்றைக் கலையாகப் பார்த்தது. பெரணியின் சுருண்ட குருத்து கொல்லனின் கைவேலை மாதிரி தெரியும். நீங்கள் கேட்ட இயற்கை, கைவினை, புகைப்படம் மூன்றும் அவருக்கு ஒரே வேலை.

இன்னொருவர் அமெரிக்காவின் வெர்மாண்டைச் சேர்ந்த விவசாயி வில்சன் பென்ட்லி. 1885இல் பனித்துகளை நுண்ணோக்கி வழியாகப் படமெடுக்கத் தொடங்கியவர். வாழ்நாளில் 5,000க்கும் மேல் எடுத்தார். அவற்றை நான் ஆசையோடு பார்ப்பேன். கூடவே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வேன்: அவர் அழகானவற்றைத் தேர்ந்தெடுத்து எடுத்தார். விழும் துகள்களில் பெரும்பாலானவை ஒருபக்கம் குறைந்தவை, ஒட்டிப்போனவை, உடைந்தவை. ஜப்பானின் உகிசிரோ நகாயா 1936இல் ஆய்வகத்தில் முயல் மயிரின் நுனியில் பனித்துகளை வளர்த்து, வெப்பமும் ஈரமும் மாறினால் வடிவம் எப்படி மாறுகிறது என்று வரிசைப்படுத்தினார். சுமார் மைனஸ் 15 பாகை செல்சியஸில் கிளை விரித்த நட்சத்திரம், மைனஸ் 5 பாகை அளவில் ஊசியும் தூணும். ஒழுங்கற்ற துகளும் அது கடந்து வந்த காற்றைப் பற்றிச் சொல்கிறது.

இல்லாத பேட்டர்னைப் பார்த்துவிடும் ஆபத்தும் உண்டு. நம் மூளை கொத்துகளைக் கண்டதும் காரணம் தேடும். ஆனால் தற்செயலாக விழுபவை எப்போதும் கொத்தாகவும் வெற்றிடமாகவும்தான் விழும். மழையின் முதல் துளிகள் கல்லில் விழுந்த புள்ளிகளைப் பாருங்கள். நான்கு சேர்ந்து இருக்கும், பக்கத்தில் பெரிய வெறுமை இருக்கும். அங்கே தேட ஒன்றும் இல்லை. மாறாக, வறண்ட நிலத்தில் புதர்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே தூரத்தில் நின்றால் அதைச் சந்தேகியுங்கள். ஏதோ ஒன்று அவற்றை விலக்கி வைக்கிறது, அநேகமாக வேர்களுக்கு இடையிலான தண்ணீர்ப் போட்டி.

பழக்கத்துக்கு ஒரே ஒரு யோசனை: பத்து மடங்கு பெரிதாக்கும் சின்னக் கைக்கண்ணாடி ஒன்றும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதற்கு முன் வரையுங்கள். முழுவதையும் வேண்டாம்; ஒரு அலகு, அதன் பக்கத்து அலகு, இரண்டும் சேரும் இடம். நன்றாக வரைவது முக்கியமில்லை. கை நின்றுபோகும் இடத்தில்தான் கண் இதுவரை பார்க்காமல் விட்டது இருக்கும்.

வெட்டி அடுக்கிப் பார்ப்பதும் அதே அளவு பயன் தரும். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஓய்வுபெற்ற அச்சுத்தொழில்நுட்பப் பணியாளர் டேவிட் ஸ்மித்துக்கு வடிவங்களோடு விளையாடுவது பொழுதுபோக்கு. 2022இல் அவர் 13 பக்கம் கொண்ட ஒரு வடிவத்தை அட்டையில் வெட்டி அடுக்கியபோது, அது தளத்தை நிரப்பிக்கொண்டே போனது, ஆனால் எந்த அடுக்கும் சீராகத் திரும்ப வரவில்லை. கணிதர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த ஒற்றை ஓடு அது. மூன்று ஆய்வாளர்களோடு சேர்ந்து 2023 மார்ச்சில் நிறுவலை வெளியிட்டார். 'தொப்பி' என்று பெயர். ஒரு அறுகோணத்தின் மையத்தையும் பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் கோடுகளால் இணைத்தால் காற்றாடிப் பட்டம் போன்ற ஆறு துண்டுகள் கிடைக்கும். அப்படிப்பட்ட எட்டுத் துண்டுகள் ஒட்டியது ஒரு தொப்பி. ஐம்பது வெட்டிக்கொள்ளுங்கள். சிலவற்றைக் கவிழ்த்து வைக்க வேண்டியிருக்கும், அவற்றுக்கு மட்டும் வேறு நிறம் பூசுங்கள். அடுக்கி முடித்ததும் நிறம் மாறியவை எங்கெங்கே விழுந்திருக்கின்றன, ஒவ்வொன்றையும் சுற்றி யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.